தேயிலைக்கு இரண்டு பருவம், மாட்டுக்கு மட்டும் ஒன்றா?
பூச்சி மருந்து கொடுக்கும் காலம் பற்றி ஒரு திறந்த மடல்

இலங்கையின் மலைநாட்டு மாவட்டங்களில் பணியாற்றும் மிருக வைத்தியர்களுக்கும், கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கும், தோட்டங்கள்தோறும் இயங்கும் பாற்பண்ணையாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

மாட்டுப் பொங்கல் முடிந்து இரண்டு கிழமை ஆகிறது. கொம்புகளில் பூசிய வர்ணம் இன்னும் மங்கவில்லை. ஆண்டுக்கான பூச்சி மருந்து (மாட்டின் வயிற்றுப் புழுவைக் கொல்லும் மருந்து) முகாம்களின் திகதிகள் இந்த நாட்களில்தான் பேசப்படுகின்றன என்பதால், அவை முடிவாவதற்கு முன் இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன். மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் மாதத்தை, அந்த மாடு மலையின் எந்தச் சரிவில் நிற்கிறது என்பதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் மலையின் கிழக்குச் சரிவிலுள்ள பசறைப் பக்கத்தில் பிறந்து, மேற்குச் சரிவிலுள்ள பொகவந்தலாவைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த வீட்டிலும் மாடு, புகுந்த வீட்டிலும் மாடு. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடித்துப் புல்லெல்லாம் கருகிக் கிடக்க, ஒரு கட்டுப் புல்லுக்காக என் அப்பா ஓடைக்கரை ஓடைக்கரையாக அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவள், கலியாணமாகி வந்த முதல் ஆடியில் இங்கே லயத்துக் கொடியில் மூன்று கிழமையாகத் துணி காயாததைக் கண்டு திகைத்துப்போனேன். ஒரே நாடு, ஒரே மலை, ஒரே மாதம். அங்கே புழுதி, இங்கே பாசி. அன்று தொடங்கி இரண்டு வீட்டு மாடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த வேறுபாட்டைத் தேயிலைத் தொழில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிந்து வைத்திருக்கிறது. திம்புள, டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறுவது ஜனவரி தொடக்கம் மார்ச் வரை, மேற்குச் சரிவில் வறண்ட குளிர்காற்று வீசும் நாட்களில். பதுளை, பசறைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு அது ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி தன் மழையையெல்லாம் எங்கள் பக்கத்தில் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக மலையைத் தாண்டி இறங்கும் நாட்களில். மே தொடக்கம் செப்டெம்பர் வரை அந்த மழையை வாங்கும் வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. பதுளையில் அது 2,000க்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையில் விழுந்து முடிகிறது. தேயிலைத் தொழிற்சாலைக்கு இரண்டு பருவம் உண்டென்று ஏற்றுக்கொண்ட நாம், அதே மலையில் அதே மழையில் நனையும் மாட்டுக்கு மட்டும் ஒரே திகதியை எழுதி ஒட்டுவது சரியாகுமா என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

காரணம் புழுவின் வாழ்க்கையில் இருக்கிறது. உங்களுக்கு இது பாடம். ஆனால் இந்த மடலை மாடு வளர்ப்பவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். மாட்டின் வயிற்றிலும் குடலிலும் இருக்கும் உருண்டைப் புழுக்களின் முட்டை சாணத்தோடு வெளியே வருகிறது. வெதுவெதுப்பான ஈரம் கிடைத்தால் ஒரு கிழமையளவில் அந்த முட்டையிலிருந்து வந்த குடம்பி (புழுக்குஞ்சு) மாட்டைத் தொற்றும் நிலைக்கு வளர்ந்துவிடும். அந்த நிலையில் அது ஓர் உறைக்குள் இருப்பதால் எதையும் தின்ன முடியாது. கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோற்றை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். வெயிலும் சூடும் கூடினால் அந்தச் சோறு சீக்கிரம் தீர்ந்து குடம்பி செத்துவிடும். ஈரமும் குளிருமாக இருந்தால் மாதக் கணக்கில் காத்திருக்கும். மழைத்துளி தெறித்து, புல்லில் படிந்திருக்கும் நீர்ப்படலத்தில் ஏறி, மாடு கடிக்கும் உயரத்துக்கு வந்து நிற்கும். மாடு தின்றபின் மூன்று, நான்கு கிழமைகளில் வயிற்றுக்குள் முழுப் புழுவாகித் தானும் முட்டையிடத் தொடங்கும்.

ஆகவே வறட்சியின் கடைசி நாட்களில் நிலைமை எப்படி இருக்கும் என்று பாருங்கள். புல்தரையில் குடம்பி மிகக் குறைவு. மிச்சப் புழுவெல்லாம் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. சில குடம்பிகள் வெளியே காலம் சரியில்லை என்று அறிந்தாற்போல வயிற்றுச் சுவருக்குள் வளராமல் அடங்கிக் கிடக்கும். மேலே வரட்டிபோலக் காய்ந்து உள்ளே ஈரம் மாறாத சாணக் குவியல்களுக்குள் கொஞ்சம் காத்திருக்கும். முதல் மழை விழுந்ததும் அந்தச் சாணம் கரைந்து குடம்பிகள் புல்லேறும். மாட்டுக்குள் இருக்கும் புழுவும் முட்டைகளைக் கொட்டும். இரண்டும் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள் தரை முழுவதும் தொற்றாகிவிடும். அந்த முதல் மழைக்குச் சில நாட்களுக்கு முன் மருந்து கொடுத்தால், மாட்டின் புழுவை நீக்குவதோடு, வரப்போகும் மழைக்காலம் முழுவதற்கும் தரையில் விதைக்கப்படவிருந்த முட்டைகளையும் தடுத்துவிடுகிறோம். மழையின் நடுவில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் பட்டியிலேயே பார்த்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், எங்கள் பக்கத்தில் ஒரு பூச்சி மருந்து முகாம் நடந்தது. யார் நடத்தினார்கள் என்பது இங்கே தேவையில்லை. வந்தவர்கள் நனைந்துகொண்டே எங்களுக்காக வேலை செய்த நல்லவர்கள். என்னிடம் அப்போது பத்து மாதக் கிடாரிக் கன்று ஒன்று இருந்தது. நீள்கழுத்துப் போத்தலில் மருந்தை ஊற்றி அதற்கும் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்து, வழக்கம்போல ஓடையோரத்துச் சரிவில், மற்ற மாடுகளின் சாணம் மழையில் கரைந்து வழியும் அதே இடத்தில் கட்டினேன். மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதி எனக்கு.

ஆவணி பாதியில் கன்று தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கழிச்சல் இல்லை என்பதால் வயிற்றுப் பூச்சி என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கீழ்த்தாடையின் அடியில் ஒரு சிறு பை தொங்கியது. விரலால் அழுத்தினால் மாவில் குழி விழுவதுபோல விழுந்து, மெல்ல மெல்ல மேலே வந்தது. காலையில் குறைந்திருக்கும், பகலெல்லாம் தலையைக் குனிந்து மேய்ந்தபின் மாலையில் பெருத்திருக்கும். வைத்தியர் வந்து அதன் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை. உரித்த வெள்ளைப்பூண்டின் நிறம். நாலாம் இரைப்பையில் ஒட்டியிருந்து இரத்தம் குடிக்கும் தலைமுடி போன்ற புழு என்றார். “போன மாதந்தானே மருந்து கொடுத்தோம் சேர்” என்று கேட்டேன். “மருந்து அன்றைக்கு உள்ளே இருந்ததைக் கொன்றிருக்கும் அம்மா, அடுத்த நாளிலிருந்து அது தின்ற புல்லில் வந்ததை யார் கொல்வது?” என்றார் அவர். கன்று பிழைத்தது. ஆனால் வளர்த்தி நின்றுபோய், முதல் சினை பிடிக்க ஓர் ஆண்டு பிந்தியது. ஒரு ஆண்டுப் பால் ஒரு லயத்து வீட்டுக்கு எவ்வளவு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே ஆடியில் பசறையில் என் தங்கச்சி வீட்டு மாடுகள் வறண்ட புல்லை மென்றுகொண்டு, மெலிந்திருந்தாலும், தாடை வீங்காமல் நின்றன. அவள் வீட்டுக் கன்றுகளுக்குத் தாடை வீங்கியது மார்கழியில்.

இந்த அனுபவத்தையும், பின்னர் வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும் வைத்துப் பார்க்கும்போது, மேற்குச் சரிவான அம்பகமுவ, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பகுதிகளில் ஆண்டின் முதன்மையான பூச்சி மருந்து மார்ச் மாதத் தொடக்கத்தில், அதாவது மாசி முடியுமுன், இடைப்பருவ இடிமழை தொடங்குமுன், கொடுக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். மாட்டுப் பொங்கலோடு சேர்த்து முகாம் வைப்பது மனதுக்கு மகிழ்ச்சியான வழக்கம்தான், ஜனவரியில் கொடுப்பது ஆடியில் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் மழைக்கு முன் இன்னும் ஆறு, ஏழு கிழமை இருப்பதால், ஈரம் மாறாத ஓடையோரத்துப் புல்லைத் தின்னும் மாடுகள் அதற்குள் மறுபடி புழு ஏற்றிக்கொள்கின்றன. பதுளை, ஹாலி-எல, பசறை, பண்டாரவளைப் பக்கத்தில் அதே முதன்மை மருந்து செப்டெம்பர் நடுப்பகுதியில், ஒக்டோபர் மழைக்கு முன், கொடுக்கப்பட வேண்டும். தேயிலையின் மணப்பருவம் முடியும் தறுவாயில் மருந்து என்று சொல்லிவைத்தால், இரண்டு சரிவிலும் எந்தத் தோட்டத்து மனிதருக்கும் அது மறக்காது.

மாவட்ட எல்லையை வைத்தும் இதைத் தீர்மானிக்க முடியாது. நுவரெலியா மாவட்டத்திலேயே வலப்பனையும் ஹங்குராங்கெத்தவும் மலைக்கு அந்தப் பக்கம் சாய்ந்தவை. அங்கே உள்ள மழை எங்கள் மழையைவிட ஊவாவின் மழையோடுதான் ஒத்துப்போகிறது. மாவட்டத்துக்கு ஒரு சுற்றறிக்கை என்றால் ஒன்றில் ஹட்டன் கெடும், இல்லை வலப்பனை கெடும். நுவரெலியா நகரமும் அம்பேவெலவும் போன்ற உச்சிப் பகுதிகள் இன்னொரு கணக்கு. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும் அந்தக் குளிரில் முட்டை பொரித்துக் குடம்பி வளரப் பல கிழமை எடுக்கும்; வளர்ந்துவிட்டால் சாகவும் அவ்வளவு காலம் எடுக்கும். அங்கே மாதத்தைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, சாணப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

முதன்மை மருந்து மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஒன்றரை வயதுக்குட்பட்ட கன்றுகளுக்கு நிர்ப்பீடனம் இன்னும் வந்திருக்காது. மழை பிடித்து இரண்டு மாதமளவில், எங்கள் பக்கத்தில் ஜூன் கடைசியிலும் ஊவாவில் டிசம்பர் நடுவிலும், அவற்றின் சாணத்தைப் பார்த்து, முட்டை கூடியிருந்தால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். என் கிடாரிக்குக் கொடுத்ததும் ஆடியில்தானே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முந்திய பங்குனியில் எந்த மாட்டுக்கும் மருந்து இல்லாததால், ஆடிக்குள் தரை முழுவதும் தொற்றாகிவிட்டிருந்தது என்பதே அங்கே நடந்தது.

வறட்சி முடிவில் மருந்து கொடுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தரையில் குடம்பி குறைவாக இருக்கும் அந்த நேரத்தில் எல்லா மாட்டுக்கும் ஒன்றுவிடாமல் மருந்து கொடுத்தால், மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே மிஞ்சி, அடுத்த மழையில் அதன் சந்ததியே தரையை நிரப்பும். சில ஆண்டுகளில் அந்த மருந்து வெறும் தண்ணீராகிவிடும். மருந்தே படாத புழுக்கள் சில மிஞ்சியிருந்தால்தான் அவற்றோடு கலந்து இந்த வலிய புழுக்களின் பலம் குறையும். ஆகவே திடமாக நிற்கும், இமை சிவந்த, நன்றாகக் கறக்கும் பெரிய மாடுகளுக்கு மருந்து கொடுக்காமல் விடுங்கள். அவற்றின் உடம்பே பெரும்பாலான புழுவை அடக்கி வைத்திருக்கும். கன்று, கிடாரி, மெலிந்த மாடு, கன்று ஈனப்போகும் அல்லது புதிதாக ஈன்ற மாடு என்று தேர்ந்து கொடுங்கள். இத்தனை மாட்டுக்கு மருந்து கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுதும் எண்ணிக்கை இதனால் குறையும் என்பது எனக்குத் தெரியும். அந்த எண்ணிக்கை குறைந்ததற்காக எந்த உத்தியோகத்தரையும் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று மேலிடத்தில் இருப்பவர்களிடம் தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். கறவை மாடுகளைத் தவிர்த்தால், மருந்து கொடுத்தபின் பால் ஊற்றக்கூடாத நாட்களின் நட்டமும் எங்களுக்கு இல்லாமற்போகும்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய முகாமில் கண்மதிப்பில்தான் ஊற்றினார்கள். தையற்காரரின் அளவுநாடா ஒன்று இருந்தாலே இது தீரும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சென்ரிமீற்றரை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையான நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோக் கணக்கில் எடை வரும். சுற்றளவு 150, நீளம் 130 உள்ள மாடு 270 கிலோ. சுற்றளவு 90, நீளம் 80 உள்ள கன்று 60 கிலோ. கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்ற அல்பெண்டசோல் அளவில், ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் உள்ள மருந்தானால், முதலாவதற்கு 20 மில்லிலீற்றரும் இரண்டாவதற்கு நாலரையும் தேவைப்படும். இரண்டுக்கும் கைமதிப்பாகப் பத்துப் பத்து என்று ஊற்றினால், பெரிய மாட்டின் புழுவுக்கு மருந்தைப் பழக்கிக் கொடுத்ததுதான் மிச்சம். அதே மருந்தைச் சினைப்பட்ட முதல் 45 நாட்களுக்குள் கொடுக்கக்கூடாது என்பதால், சினைப்படுத்திய திகதி எழுதிய அட்டையைப் பார்க்காமல் முகாமில் எந்தப் பசுவின் வாயையும் திறக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

பிறந்த கன்றுக்கு இந்தப் பருவக் கணக்கு எதுவும் பொருந்தாது. கன்றுகளின் குடலில் வரும் பெரிய வெள்ளைப் புழு தாயின் சீம்பாலோடும் பாலோடும் உள்ளே போகிறது. மழையோ வெயிலோ அதற்கு ஒன்றுதான். கன்று பிறந்து இரண்டு, மூன்று கிழமைக்குள், புழு முழுதாக வளர்ந்து முட்டையிடுமுன், வைத்தியர் சொல்லும் மருந்தைக் கொடுக்க வேண்டும். முகாம் வரும்வரை காத்திருந்தால் அந்தக் கன்று பானை வயிறோடு நிற்கும், அல்லது நிற்கவே நிற்காது. ஈனும் திகதியைப் பால் சேகரிப்பு நிலையத்திலேயே பதிந்து, அந்த வீட்டுக்கு மருந்து போய்ச் சேர ஒரு வழி செய்தால் பெரிய உதவி. சதுப்பில் மேயும் மாடுகளுக்கு வரும் ஈரல் தட்டைப்புழுவும் தனிக் கணக்கு. நத்தை வழியாக வரும் அது மாட்டுக்குள் முட்டையிடும் பருவத்துக்கு வளர மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பதால், மழைக்காலம் கழிந்து சில மாதங்களில் தனியே பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கள் மாடுகளில் பாதி கொட்டிலை விட்டு வெளியே போவதே இல்லை, அவற்றுக்கு எப்படிப் புழு வருகிறது என்று சிலர் கேட்கிறார்கள். நாங்கள்தான் கொண்டுவந்து போடுகிறோம். மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்து முடித்து, இருட்டுமுன் ஒரு கட்டுச் சேர்க்க வேண்டும் என்ற அவசரத்தில் அடியோடு ஒட்ட அறுக்கிறோம். குடம்பி நிறைந்திருப்பது தரையை ஒட்டிய நாலு விரற்கடை உயரத்துக்குள்தான். பச்சைச் சாணத்தைக் கோ-3 புல்லுக்கும் கினிப்புல்லுக்கும் கொட்டுவதும் நாங்கள்தான். ஒரு சாண் விட்டு அறுக்கவும், சாணத்தைக் குழியில் மக்கவைத்துப் போடவும் நாங்கள் பழக வேண்டும். அதை முகாமன்று ஐந்து நிமிடம் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டியது நீங்கள்.

ஊவாவிலிருந்து வாசிக்கும் சங்க நிர்வாகிகளே, இப்போது மழை ஓயும் காலம் என்பதால் மெலிந்த கன்றுகளைச் சாணம் பார்த்துக் கவனியுங்கள்; பெரிய முகாமுக்கான மருந்தைச் செப்டெம்பருக்கு எடுத்துவைக்க முடியுமா என்று, காலாவதித் திகதியைப் பார்த்து, உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். எங்கள் பக்கத்து அதிகாரிகளிடம் நான் கேட்பது, இந்த மார்ச் முதல் கிழமைக்குள் மருந்து எங்கள் கைக்கு வர வேண்டும் என்பது. ஆண்டு ஒதுக்கீடு பிந்தி வருவதால் மருந்தும் பிந்துகிறது என்றால், சென்ற ஆண்டு மிச்சத்தைக் கன்றுகளுக்கு மட்டுமாவது ஒதுக்கித் தாருங்கள். மருந்து கொடுக்கும் நாளிலும், அதன்பின் பத்துத் தொடக்கம் பதினான்கு நாட்களுக்குள்ளும், பத்துக் கன்றுகளின் சாணத்தைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். முட்டைகளின் எண்ணிக்கையில் நூற்றுக்கு 95 பங்காவது குறையாமல் இருந்தால், அந்த மருந்து இங்கே தோற்கத் தொடங்கிவிட்டதா என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும். கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தின் உதவியைக் கேட்டுப் பெறவும் உங்களுக்கு வழியிருக்கிறது.

சாணம் எடுத்துத் தரும் வேலையை எங்கள் சங்கத்துப் பெண்கள் ஏழு பேர் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். விழுந்தவுடன் எடுத்து, மண் படாமல் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, கன்றின் அடையாளத்தை எழுதி, வெயில் ஏறுமுன் காலைப் பால் வண்டியில் அனுப்பிவிடுவோம். பசறையில் என் தங்கச்சியும் அவள் லயத்து இரண்டு வீட்டாரும் செப்டெம்பரில் அதையே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கிழமையில் அனுப்ப வேண்டும், எந்த அலுவலகத்தில் இறக்க வேண்டும் என்பதை மட்டும் மாசி பிறக்குமுன் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றில் மூன்று மாடுகள் வளர்க்கும் ஒரு தொழிலாளி